தூக்குற பாட்டும் ஃபர்ஸ்ட் ஃபாரமும்

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நைனா சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். தோளில் மஞ்சள் கயிறு, மார்பில் பித்தளைப் பொத்தான்கள், இடுப்புக்குக் கீழே வெள்ளை வேட்டி. கோட்டுக்கு ஜோடியான பேன்ட் சலவைக்காரரிடம் மாட்டிக்கொண்டிருந்தது. ராயபுரத்துக் காக்காய்கள்கூட நிழல் பார்த்து ஒதுங்கியிருந்த வெயிலில் அவர் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டிக்கொண்டு வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார்.

"அட்மிஷனுக்குப் போறோம் கண்ணு. கோட்டு இல்லாம போனா எவன் மதிப்பான்?" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அவரிடம் இருந்த ஒரே கோட்டு பேண்டு செட்டுக் கோட்டு. என் அப்பாவுக்கு மதிப்பும் மரியாதையும் அதற்குள்ளேதான் இருந்தன.

நான் அவர் பக்கத்தில் எண்ணெய் வழியும் ரெட்டைச் சடையோடு, பழைய துண்டில் சுற்றிய கிளாரினெட்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஃபர்ஸ்ட் ஃபாரத்தில் சேர வந்திருந்தேன். இன்றைய கணக்கில் ஆறாம் வகுப்பு.

வாட்ச்மேன் முனுசாமி எங்களைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் கேட்டைத் திறந்து என்னை உள்ளே விட்டார். அவர் கேட்காததற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நடந்த கூத்துக்கெல்லாம் முதல் புள்ளியே அதுதான்.

நைனாவின் செட்

போன வாரம் எங்கள் தெருக் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார், சொல்லவே இல்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். பகலில் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார். ஊரில் யாருக்காவது கல்யாணமோ சாவோ வந்தால் கிளாரினெட் ஊதினார். அந்தோணி செட்டு என்றால் காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை வரைக்கும் தெரியும். அவரும் அவர் தோஸ்துகள் ஐந்தாறு பேரும்தான் செட்டு. ஒருத்தருக்கும் இசை நோட்டுப் படிக்க வராது. காதில் விழுந்ததை விரலுக்கு இறக்கிவிடுவார்கள்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சில பாட்டு, தேர்த் திருவிழாவுக்குச் சில பாட்டு, மிச்சத்துக்குச் சினிமாப் பாட்டு. இவையெல்லாம் அன்றைக்கு எப்படி வருகிறதோ அப்படி. ஆனால் ஒரு பாட்டு மட்டும் தனி. சவப்பெட்டியை வீட்டுக்குள்ளிருந்து வெளியே தூக்கும்போது வாசிப்பது. எங்கள் பக்கத்தில் அதற்குத் தூக்குற பாட்டு என்று பெயர். வேறு எதற்கும் அதை வாசிக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டு காதில் விழுந்தால் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். கடைக்காரர் ஒரு பலகையைப் போட்டுக் கடையைப் பாதி மூடுவார். ஆண்கள் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடிப்பார்கள். யார் போனது என்பதெல்லாம் அப்புறம். முதலில் எழுந்திரு, பிறகு விசாரி.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கோட்டுப் போட்ட பேண்டு செட் ஆளைப் பார்த்து "எங்கே கிளம்பிட்டே?" என்று எவரும் கேட்க மாட்டார்கள். பதிலாக யார் பெயர் வருமோ என்று பயம். நைனாவிடம் கடன் கேட்கிறவர்கள்கூட அவர் கோட்டைக் கழற்றும் வரை காத்திருந்துதான் கேட்பார்கள். முனுசாமி வாய் திறக்காமல் கேட்டைத் திறந்தது இதனால்தான்.

எண்ணூர் அத்தையின் கூடை

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க நியாயமான காரணம் ஒன்றுகூட இல்லை. கார்ப்பரேஷன் பள்ளியில் படித்தவள். கணக்கில் நான் வாங்கிய மார்க்கை இப்போது சொன்னாலும் என் பேரன் தன் பரீட்சைத் தாளைத் தைரியமாக எடுத்து நீட்டுவான். அது பெண்களுக்கான மிஷன் பள்ளிக்கூடம். நல்ல வீட்டுப் பெண்களே வரிசையில் நின்றார்கள்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. நைனாவின் தங்கை எண்ணூரில் கருவாட்டு வியாபாரம் செய்தாள். மீனை உப்புப் போட்டுக் காயவைக்கவும் காக்காய் ஓட்டவும் அவளுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. பிற்காலத்தில் அவள் மகன் இன்னாசிக்கும் ஒரு ஆள் தேவைப்படும் என்பது அவள் கணக்கு. இன்னாசிக்கு அப்போதே மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கூடையை என் பக்கத்தில் இறக்கிவைப்பாள், என் அளவு சரியா என்று பார்ப்பவள் மாதிரி.

"பொட்டப் புள்ளக்கி இன்னாத்துக்கு அண்ணி படிப்பு? அங்க வந்தா வயிறு ரொம்ப சோறு கீது, காத்து கீது," என்பாள்.

"காத்து இங்கயும் வருது," என்பாள் அம்மா. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என்னைப் பள்ளிக்கூடத்தில் போட்டே தீருவது என்று அவள்தான் பிடிவாதமாக இருந்தாள். எனக்கோ படிப்பின் மேல் பெரிய ஆசை எதுவும் கிடையாது. இன்னாசியின் மூக்கை நினைத்தால் மட்டும் படிக்க வேண்டும் போலிருக்கும்.

இந்த நேரத்தில்தான் டீக்கடையில் நைனா ஒரு சேதி பிடித்துக்கொண்டு வந்தார். தெற்குச் சீமையிலிருந்து வந்து அரிசி மண்டி வைத்துப் பெரிய ஆளான ஒருவர், தன் தாயார் நினைவாக அந்தப் பள்ளியில் சங்கீத உதவித்தொகை வைத்திருக்கிறார். வாத்தியமோ வாய்ப்பாட்டோ, நன்றாக வரும் ஒரு பெண்ணுக்கு வருஷா வருஷம் பள்ளிச் சம்பளம் கட்டிவிடுவார்.

"அத்த வாங்கிட்டா சீட்டு தானா வந்துடும்மே. துட்டு கட்ட ஆளு இருக்க சொல்லோ இஸ்கூல்காரங்கோ வேணான்னுவாங்களா?" என்றார் நைனா. டீக்கடைச் சட்டப்படி அது சரிதான்.

எங்கள் வீட்டில் ஒரு கிளாரினெட் உபரியாகக் கிடந்தது. செட்டில் இரண்டாவது கிளாரினெட் வாசித்தவர் கப்பலேறி எங்கேயோ போய்விட்டார். ஒரே அறை வீடு. நைனா சாதகம் பண்ணும்போது எங்கேயும் தப்பித்து ஓட முடியாததால் நானும் எடுத்து ஊதிப் பழகியிருந்தேன். அதில் விரலால் அழுத்தும் பித்தளைச் சாவி ஒன்று ரப்பர் பேண்டின் தயவில் வேலை செய்தது.

எந்தப் பாட்டு?

எதை வாசிப்பது என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடந்தது. எனக்கு ஒரு சினிமாப் பாட்டு நன்றாக வரும். மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டும் வரும். நைனா இரண்டையும் ஒதுக்கிவிட்டார்.

"தூக்குற பாட்ட வாசி," என்றார்.

அம்மாவே கொஞ்சம் தயங்கினாள். "அத்தப் போயா?"

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தொழில் விஷயத்தில் குறுக்கே பேசினால் அவருக்குப் பிடிக்காது. "கல்யாணத்துல தப்பா வாசிச்சா எவனும் கண்டுக்க மாட்டான். பாதிப் பேரு தண்ணில கீறான், மீதிப் பேரு சோத்துல கீறான். சாவுல தப்பா வாசிச்சா பொணமே எழுந்து வந்து கேக்கும். நம்ம கைல சுத்தமா கீற பாட்டு அது ஒண்ணுதான். பரிச்சைக்கிச் சுத்தமானத்தான் குடுக்கணும்."

இதில் ஒரு தப்பும் எங்களுக்குத் தெரியவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அந்தப் பாட்டைத்தான் அவர் வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தார். ஒரு சுரம் பிசகினால் என் விரல் முட்டியில் குச்சி விழும். சினிமாப் பாட்டில் பாதியை முழுங்கினாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

"இன்னாத்தையோ ஊதி உள்ள பூந்துடு கண்ணு," என்றாள் அம்மா. "அப்பால நா பாத்துக்கறேன்."

ஹாலில் நடந்தது

பள்ளியின் தலைமையாசிரியையை எல்லாரும் பெரிய மிஸ் என்பார்கள். பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர். பள்ளிக்குப் பின்னாலேயே அவர் குடியிருந்த வீடு. விஷக் காய்ச்சல் வந்து ஒரு வாரமாகப் படுத்திருந்தார். டாக்டர் வந்து வந்து போனதை முனுசாமி கேட்டிலிருந்து பார்த்திருந்தார். அன்று காலை பெரிய மிஸ் எழுந்து, பின்வாசல் வழியாகவே ஹாலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது முனுசாமிக்குத் தெரியாது.

ஹாலில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் போர்வை போர்த்திய பெரிய மிஸ், ஒரு பக்கம் மண்டிக்காரர், இன்னொரு பக்கம் பாட்டு டீச்சர். எனக்கு முன்னால் ஒரு பெண் வீணை வாசித்தாள். அவளுக்கு வீணையைத் தூக்கிவரத் தனியாக ஒரு ஆள் வந்திருந்தான். எனக்கு அவள் வாசிப்பைவிட அந்த ஆள்தான் பெரிதாகத் தெரிந்தான்.

என் முறை வந்தது. துண்டைப் பிரித்தேன். ரப்பர் பேண்டைச் சரிபார்த்தேன். கன்னத்தை உப்பிக்கொண்டு ஆரம்பித்தேன்.

முதல் வரி முடிவதற்குள் பாட்டு டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். அவர் ராயபுரம். மண்டிக்காரரும் ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆனவர். எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். வீணை தூக்கி வந்த ஆள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை மரியாதை கிடைக்கும் என்று நைனாகூடச் சொல்லவில்லையே.

பெரிய மிஸ் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். பாளையங்கோட்டைக்காரருக்கு எங்கள் சாவுப் பாட்டு எப்படித் தெரியும்? கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலால் மேஜையில் தட்டிக்கொண்டு கேட்டார். அந்தப் பாட்டைப் பாட்டாக மட்டும் கேட்ட ஒரே ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரண்டாவது சுற்று போய்க்கொண்டிருந்தபோது வெளியே மணி அடித்தது. ஒரு அடி. நீண்ட இடைவெளி. இன்னொரு அடி.

முனுசாமியின் மணி

கேட்டில் சிவப்புக் கோட்டு. உள்ளேயிருந்து தூக்குற பாட்டு. ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்த பெரிய மிஸ். முனுசாமிக்கு வேறென்ன வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு மணிக் கயிற்றைப் பிடித்துவிட்டார். துக்க மணி அப்படி விட்டு விட்டு அடித்தால் வகுப்புகள் கலைந்து, பெண்கள் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது பள்ளியின் வழக்கம்.

கேட்டுக்கு வெளியே நின்ற நைனாவுக்கு மணி கேட்டதும் தொழில் ஞாபகம் வந்துவிட்டது. கம்பிக்குள் தலையை நீட்டி முனுசாமியைக் கூப்பிட்டார்.

"யாருபா போனது? செட்டு சொல்லிட்டாங்களா?"

முனுசாமி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "இன்னாபா டபாய்க்கிறே. செட்டே நீதானே வந்து நின்னுகினுகீறே."

"நானா? நா எம் பொண்ணு அட்மிஷனுக்கு வந்துகீறேன்."

இவர்கள் இதைப் பேசித் தெளிவதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. சின்னப் பெண்கள் அழுதார்கள். பெரிய பெண்கள் அழுகிற பெண்களைப் பார்த்து அழுதார்கள். பூகோள டீச்சர் குடையையும் டிபன் கேரியரையும் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கேட் வழியாகப் புறப்பட்டுவிட்டார். வாசலில் பூ விற்கும் அம்மாள், விற்காமல் தங்கியிருந்த சாமந்தி மாலையைக் கொண்டுவந்து முனுசாமி கையில் கொடுத்து, "அம்மா காலாண்ட வச்சிடு, துட்டு வேணாம்," என்றாள்.

அந்தச் சமயத்தில் பெரிய மிஸ் போர்வையோடு வராந்தாவுக்கு வந்தார்.

முற்றம் அப்படியே நின்றது. ஒரு சின்னப் பெண் மட்டும் "ஆவி" என்று முனகியது எனக்குக் கேட்டது. நான் கிளாரினெட்டோடு பெரிய மிஸ்ஸின் பின்னால் நின்றேன். அடுத்து அடி விழும் என்று நினைத்தேன்.

பெரிய மிஸ் வரிசை வரிசையாகப் பார்த்தார். முனுசாமியைக் கூப்பிட்டு மாலையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமந்திதானா? ரோஜா கெடைக்கலயோ?" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, "யார் அழுதிய, யார் அழலன்னு நான் பாத்தாச்சு. வகுப்புக்குப் போங்க," என்றார். கடைசியாக, "பூகோள டீச்சர் எங்க?" என்று கேட்டார்.

மண்டிக்காரரின் கோபம்

ஹாலுக்குத் திரும்பியதும் மண்டிக்காரர் கொதித்தார். "எங்கம்மா பேர்ல குடுக்குத உதவித்தொகைய எளவுப் பாட்டுக்கா குடுப்பாக?"

"உங்கம்மா தவறுனதாலதான அய்யா இந்த உதவித்தொகையே வந்தது," என்றார் பெரிய மிஸ்.

நியாயம் பெரிய மிஸ் பக்கம், பணம் மண்டிக்காரர் பக்கம். உதவித்தொகை வீணைப் பெண்ணுக்குப் போனது. அவள் அப்பா துறைமுகத்தில் பெரிய அதிகாரி. அந்தப் பணம் இல்லாவிட்டாலும் அவள் கவர்னர் மாளிகையிலேயே படித்திருப்பாள். நல்ல பெண்தான், பிற்பாடு எனக்குச் சிநேகிதியும் ஆனாள், அது வேறு.

என்னை வெளியே அனுப்பினார்கள். கேட்டில் நைனாவிடம் "இல்லியாம்" என்றேன். அவர் அதுவரை பூட்டியிருந்த கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். அவ்வளவுதான். எண்ணூரும் கருவாடும் இன்னாசியின் மூக்கும் என் கண்முன் வந்து நின்றன. நான் ஓவென்று அழுதேன். முனுசாமி சும்மா இருக்காமல், "அழாத பாப்பா, நல்லாத்தான் வாசிச்சே, மெய்யாலுமே போய்ட்டாங்கன்னு நெனச்சேன்," என்று ஆறுதல் சொன்னார்.

கொஞ்ச தூரம் நடந்திருப்போம். முனுசாமி பின்னாலேயே ஓடிவந்து எங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்.

பெரிய மிஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நாளைக்குக் காலையில பிரேயருக்கு அந்தக் குழலோட வந்துரு. ஆர்மோனியத்துல எலி பூந்துட்டு," என்றார் என்னிடம்.

நைனா கையைக் கட்டிக்கொண்டார். "உதவிப் பணம் இல்லேன்னு சொல்லிட்டாங்களேம்மா. நம்மளால சம்பளம் கட்ட முடியாது."

"உதவித்தொகை அவுக பாடு. சேக்கிறது என் பாடு. உங்க மக சம்பளம் கட்ட வேண்டாம்," என்றார் பெரிய மிஸ். "ஒண்ணே ஒண்ணு. அந்தப் பாட்டு எதுக்கு வாசிக்கிறதுன்னு பாட்டு டீச்சர் இப்பதான் சொன்னாக. நான் இருக்கிற வரைக்கும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள அத வாசிக்கக் கூடாது. எனக்கு எப்ப வாசிக்கணுமோ அப்ப வாசி, என்னட்டி?"

நைனா அங்கேயே கழுத்துப் பொத்தானை மறுபடியும் பூட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போகும் வரை கழற்றவே இல்லை. அடுத்த முறை அத்தை வந்தபோது அம்மா அவள் கூடையை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தாள்.

மாடி வீட்டுப் பெண்ணின் கேள்வி

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் தன் குழந்தையைப் பாட்டு, கீபோர்டு என்று இழுத்துக்கொண்டு அலைகிறாள். "ஆன்ட்டி, மியூசிக் ஸ்காலர்ஷிப் இருந்தா ஸ்கூல் அட்மிஷனுக்கு யூஸ் ஆகுமா?" என்று போன வாரம் கேட்டாள். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை, சீட் கிடைத்தது. கிடைத்தவளுக்கு அது இல்லாமலே சீட் கிடைத்திருக்கும். குழந்தை வாசிப்பதைக் கண்ணை மூடிக் கேட்கிற ஒரு ஆள் அந்த நாற்காலியில் இருக்கிறாரா என்று முதலில் விசாரி என்றேன். அவள் சர்டிபிகேட் ஏதாவது வேண்டுமா என்றுதான் திரும்பக் கேட்டாள்.

எப்ப வாசிக்கணுமோ அப்ப

நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்த வருஷம், மழைக்காலத்தில், பெரிய மிஸ் பின் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். பெட்டியைப் பள்ளி ஹாலில்தான் வைத்தார்கள். நைனாவின் செட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள். நைனா வந்ததும் கோட்டுக்குள்ளிருந்து என் பழைய கிளாரினெட்டை எடுத்து நீட்டினார். "அம்மா ஒன்கிட்டதானே சொன்னாங்கோ," என்றார்.

முனுசாமி மணியடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கச் சொன்னார்கள். எழுந்திருக்கவில்லை.

"ஒரு தபா ஏமாந்தது போதும்," என்றார். "நீ வாசி பாப்பா. அம்மா வருவாங்கோ."

யாரும் அவரைத் திட்டவில்லை. முற்றத்தில் நின்ற பெண்களில் பலர் நான் சேர வந்த அன்று பள்ளியில் இல்லாதவர்கள்தான். ஆனால் அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். பெட்டியை ஹாலில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் பின்வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன்.

பெட்டியைத் தூக்கினார்கள். நைனாவும் நானும் ஆரம்பித்தோம். முதல் சுற்று ஒரு பிசகு இல்லாமல் வந்தது. வராந்தாப் படிக்கு வந்தோம். சாவில் தப்பாக வாசித்தால் பிணமே எழுந்து வந்து கேட்கும் என்று நைனா சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டாவது சுற்றில், எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில், வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தப்பாக வாசித்தேன்.

பெட்டி போய்க்கொண்டே இருந்தது.

நைனா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். அந்தத் தப்புக்குச் சின்ன வயதில் குச்சியால் முட்டியைப் பெயர்த்திருப்பார். அடுத்த சுற்றில் அதே இடம் வந்தபோது அவரும் தப்பாக வாசித்தார்.